சீமாட்டிக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 9

தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்மேல் புகார் கொடுத்தது நான்தான். குதிரையைக் கைப்பற்ற வந்த விலங்கு நல ஆய்வாளர் அம்மா, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் என்று உன்னிடம் சொல்லியிருப்பார். பெயரை மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவர்கள் வழக்கம்.

பிப்ரவரி 27 அன்று, பகல் பதினொன்றரை மணிக்கு உன் வீட்டுப் பின்பக்கம் வந்தேன். லாயத்தைத் திறந்தேன், பார்த்தேன், அப்படியே திரும்பிவிட்டேன். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புகாரை எழுதி முடித்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடித்தேன். கைவிடப்பட்ட குதிரைகளுக்கு நடுவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், பார்க்காத கோலம் இல்லை. என் தம்பி வீட்டில் பார்ப்பேன் என்று மட்டும் நினைத்ததில்லை.

நீ பார்க்காமல் விட்டதை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. சாணம் முழங்கால் உயரம். நாலு குளம்பும் வெட்டாமல் வளர்ந்து, முன்நுனி மேலே சுருண்டிருந்தது. முகப்பட்டையைக் கழற்றாமலே விட்டிருக்கிறாய். அது மூக்குத்தண்டில் தோலுக்குள் புதைந்துபோய், டாக்டர் அதை வெட்டியெடுக்க நாற்பது நிமிடம் ஆனது. விலா எலும்பைத் தொடாமலே எண்ணலாம். இந்தக் குதிரைக்கு உன் மனைவி சீமாட்டி என்று பெயர் வைத்தாள். எங்கள் காப்பகத்துப் பதினேழாம் கொட்டடியில் அந்தப் பெயரை எழுதி மாட்டும்போது என் கை கூசியது.

பட்டினி கிடந்த உடம்புக்கு ஆசையாக வயிறு நிறைய வைத்தால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இதயம் நின்றுவிடும். அதனால் தானியம் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ குதிரைமசால் தழை, அவ்வளவுதான். அது எவ்வளவு கேட்டாலும் அவ்வளவுதான். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கூட்டி, வேளையைக் குறைக்க வேண்டும். பத்தாம் நாளுக்குப் பிறகுதான் அதன் இஷ்டத்துக்குப் புல். பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. முதல் வாரம் தாண்டிவிட்டது.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. சட்டப்படி இன்னும் நீதான் உரிமையாளர். உரிமையை விட்டுக்கொடுத்து நீ கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு வேறு வீடு பார்க்க முடியும். போட்டு அனுப்பு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

கடிதமும் படிவமும் வந்தன. படிவத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. சாணம் முழங்காலுக்கும் மேலேயே இருந்திருக்கும். ஏழு மாதம் ஆயிற்றே. சில நாள் லாயத்துச் சன்னல் வழியாக ஒரு கட்டுப் புல்லை எறிந்தேன், எறியாத நாள்தான் அதிகம். கூரையிலிருந்து வழிந்த மழைத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. அதை நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்பக்கம் வந்தாய், லாயத்தைத் திறந்தாய், பார்த்தாய், திரும்பினாய். லாயத்திலிருந்து என் சமையலறைக் கதவு பதினாலு எட்டு. மூன்று வருடம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள் அதைத் தட்டினாயா? குளம்பைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த வரி வரட்டும். பிறகு கையெழுத்தைப் பார்க்கலாம்.

சாப்பிடுகிறதா?

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

சாப்பிடுகிறது. பத்தாம் நாளிலிருந்து தானாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் முதல் தடவையாகக் கால் மடக்கிப் படுத்துத் தூங்கியது. அதுவரை நின்றுகொண்டேதான். படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பிடரி மயிரை ஒட்ட வெட்டிவிட்டோம், அவ்வளவு பேன். கூராக வளர்ந்திருந்த பல்லை அரத்தால் அராவியாகிவிட்டது. முகத்தில் பட்டை இருந்த இடத்தில் வெள்ளையாக மயிர் முளைக்கிறது. அது போகாது.

குளம்புதான் சோதனை. லாடக்காரர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து நகத்தளவு நகத்தளவாகக் குறைக்கிறார். ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாதா என்று கேட்டேன். "வெட்டுனா நிக்கவே முடியாதும்மா. வளந்த மாதிரியேதான் கொறைக்கணும்" என்றார். உள்ளே எலும்பு சாய்ந்துவிட்டது. இனி அதன் முதுகில் யாரும் ஏற முடியாது. ஆக, சவாரிக்கு ஆகாத குதிரையைச் சும்மா வைத்துச் சோறு போட மனமுள்ள வீடுதான் வேண்டும். அப்படிக் கேட்டு இங்கே வருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேர்.

அந்த இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ரொட்டிக்கடை வைத்திருக்கும் புருஷனும் பெண்டாட்டியும். அவர்களிடம் இருபத்திரண்டு வயதில் ஒரு கிழட்டு ஆண் குதிரை இருக்கிறது. அதன் ஜோடி பிப்ரவரியில் செத்துவிட்டது. அன்றிலிருந்து வேலி ஓரம் நின்று வெறித்துக்கொண்டே இருக்கிறதாம், சரியாகத் தின்பதில்லையாம். குதிரை தனியாக இருக்காது, உனக்குத் தெரியும். அதற்குத் துணை தேடி வந்தார்கள். மூன்று தடவை வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் சீமாட்டிக்குத் தேய்த்துவிட்டார். அது அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. அவர் அசையாமல் நின்றார், இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும், பாவம்.

ஜூன் 15 வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் அந்தக் கிழடு தாங்காது. உன் கையெழுத்து இல்லாமல் சீமாட்டி எங்கள் கேட்டைத் தாண்ட முடியாது.

நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. இது குதிரை விஷயம்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

குதிரை விஷயம் என்றால் குதிரை விஷயமே எழுதுகிறேன்.

சீமாட்டிக்குப் பெயர் வைத்தவள் பதினோரு நாளில் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், நுரையீரல் என்றார்கள், முடிந்துவிட்டது. உனக்குத் தந்தி மாதிரி ஒரு வரிதான் எழுத முடிந்தது. நீ வரவில்லை.

திரும்பி வந்து முதல் இரண்டு வாரம் நான்தான் சீமாட்டிக்குப் போட்டேன். வேளை தவறாமல் போட்டேன். நான் வாளியோடு உள்ளே போவேன். அது என் சட்டையை முகரும், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். அவள் வருகிறாளா என்று. வாளியில் வாயை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் பார்க்கும். பதினேழாம் நாள் கதவைச் சாத்தினேன். மறுநாள் திறக்கலாம் என்றுதான் சாத்தினேன். மறுநாள் முடியவில்லை. ஒரு நாள் முடியாமல் போனதும் அடுத்த நாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வேறு காரணம் என்னிடம் இல்லை. குடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.

நீ கடைசியாக இங்கே வந்தது ஞாபகம் இருக்கிறதா? கொட்டடியில் படுக்கைக்குப் போடுவது வைக்கோலா மரத்தூளா என்று ஆரம்பித்தாய். உனக்குத் தெரியாததா, பெரிய குதிரைக்காரி. அவள், "அக்கா, இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். அதற்கு நீ, "நீ பாத்துக்கற லட்சணம்தான் தெரியுதே" என்றாய். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், மூன்று வருடம் வரவில்லை.

நீ போன மறுவாரம் அவள் வைக்கோலை மாற்றி மரத்தூள் போட்டாள். "அவங்க சொன்னதுதான் சரி. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் பிடிக்க முடியாது" என்றாள். அடுத்த தடவை நீ வரும்போது நீயே பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தாள்.

ஒரு வரி கேட்டேன். எழுது.

தம்பி


மே 27

தம்பிக்கு,

நீயும் உன் வரியும். வாயில்லாத ஒரு ஜீவனை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசுகிறாய். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "என்னம்மா, ஆச்சா?" என்கிறார். என் தம்பி கல்லுளிமங்கன், கேட்டால் என்னையே திருப்பிக் கேட்கிறான் என்று அவரிடம் சொல்ல முடியுமா? உரிமையாளர் என் தம்பி என்றே இங்கே யாருக்கும் தெரியாது.

உனக்கு வரிதானே வேண்டும்? எழுதுகிறேன். தட்டவில்லை. லாயத்தில் அதை அந்தக் கோலத்தில் பார்த்த பிறகு உன் முகத்தில் விழிக்க எனக்கு மனமில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். போதுமா?

அவள் போனதற்கு நான் வராததைச் சொல்லிக்காட்டியிருக்கிறாய். காட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. அதையும் இதையும் முடிச்சுப் போடாதே.

சீமாட்டிக்கு இப்போது முந்நூற்று எண்பது கிலோ. நேற்று மைதானத்தில் நாலைந்து எட்டு ஓடியது. காலில் வலி இருந்தும் ஓடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடு.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நீ எழுதியிருப்பது காரணம். யார் கேட்டாலும் சொல்வதற்குத் தயாராக வைத்திருக்கும் காரணம்.

கோபம் வந்தால் நீ கதவைத் தட்டாமல் போகிறவளா? சின்ன வயதில் என்னை எவன் அடித்தாலும் அவன் வீட்டுக்கதவை உடைக்கிற மாதிரி தட்டுவாய். நான் உன் பின்னால் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மட்டும் ஏன் தட்டவில்லை?

படிவம் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில்தான் இருக்கிறது.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

முடிந்துவிட்டது. பதினைந்தாம் தேதி காலையிலேயே ரொட்டிக்கடைக்காரர் வந்தார். மனைவி சீமாட்டிக்கென்று ஒரு போர்வை தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். தபால் வரும் நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேற யாருக்காவது குடுத்துடறோம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து எங்களிடமிருந்தே ஒன்பதாம் கொட்டடிக் குதிரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது நல்ல குதிரைதான். அதற்கு யார் வேண்டுமானாலும் வீடு கொடுத்திருப்பார்கள்.

இன்று மேலாளர் ஒரு பட்டியல் எழுதினார். குளிர்காலத்துக்கு முன் இடம் கிடைக்காத, சவாரிக்கு ஆகாத குதிரைகள். நாலு பெயர். மூன்றாவது சீமாட்டி. வீடு கொடுப்பதற்கு உன் கையெழுத்து வேண்டும் தம்பி. ஊசி போட்டு முடித்துவிடுவதற்கு வேண்டாம், டாக்டர் கையெழுத்தே போதும்.

உன் வரியை இப்போது எழுதுகிறேன். எழுதி என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அன்று நான் குதிரையைப் பார்க்க வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன். அவள் செத்ததற்குக்கூட வராதவள் நான். பேருந்தில் நாலு மணி நேரமும் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். உன் வாசலுக்கு வந்ததும் கால் நகரவில்லை. முதலில் குதிரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன். திறந்தேன். பார்த்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை பிறகுதான் வந்தது. முதலில் அப்பாடா என்று இருந்தது. இனி மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, தப்பு உன் பக்கம் போய்விட்டது. கோபம் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன், தட்டினால் போய்விடும் என்று.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் எடுப்பது நான்தான். "ஒரு வீட்டுல மிருகம் பட்டினியா கெடந்தா, அந்த வீட்டு மனுசன் என்ன ஆனான்னு மொதல்ல போய்ப் பாருங்க. பாதி நேரம் அவனும் விழுந்து கெடப்பான்" என்று பதினோரு வருடமாகச் சொல்கிறேன். நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். உன் சமையலறைச் சன்னலில் திரை விலகித்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

நீ எப்படி இருந்தாய், தம்பி?

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்ட படிவம் இத்துடன் இருக்கிறது. தபால் நிலையத்துக்கு நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

நீ சொல்லிவிட்டாய், இனி என் முறை. இதைப் படித்தபின் நீ என்ன நினைத்தாலும் சரி.

அன்றைக்கு நீ வந்தது எனக்குத் தெரியும். சமையலறைத் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. கேட் சத்தம் கேட்டது, பிறகு நீ செருமுவது கேட்டது. அதற்கு மேல் வேறு அடையாளம் வேண்டுமா? லாயத்துத் தாழ்ப்பாளை நீ இழுத்ததும் கேட்டது. கூப்பிடலாம், தொண்டையில் அவ்வளவுக்குச் சத்தம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ உள்ளே வந்தால் என் முகத்தைப் பார்த்து, "என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீ போய்விடு என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கேட் மறுபடியும் சாத்திய சத்தம் கேட்டதும் எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

இதை மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம். உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான், விட மனம் வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றதில் சீமாட்டிக்கு வீடு போய்விட்டது. ஏழு மாதம் பட்டினி போட்டது போதாதென்று இதையும் செய்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஆய்வாளர் அம்மா குதிரையைக் கொண்டுபோக வந்தவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டார். "நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு செவிலியை அனுப்பினார். எடை நாற்பத்தொரு கிலோ என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன், அவளைக் கொண்டுபோன இடம் அது. மறுவாரம்தான் உன் முதல் கடிதம் வந்தது. அதில் சீமாட்டிக்கு நீ எழுதியிருந்த வேளைக் கணக்கைத் தனியாக வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டினேன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக. எவ்வளவு கேட்டாலும் அவ்வளவுதான். அரைக் கிண்ணம் பால், ஒரு துண்டு ரொட்டி. நாலாம் நாள் அளவைக் கூட்டி வேளையைக் குறைத்தேன். செவிலி வந்து பார்த்துவிட்டு, யார் எழுதிக் கொடுத்தது, சரியாகத்தான் இருக்கிறது என்றார். என் அக்கா என்றேன். பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை மட்டும் செய்ய முடியவில்லை.

இப்போது ஐம்பத்துமூன்று. கண்ணாடி வெட்டுகிற கடையில் அரை நாள் வேலைக்குப் போகிறேன். கை இன்னும் நடுங்குகிறது, அதனால் பெரிய கண்ணாடி தருவதில்லை.

பட்டியலிலிருந்து அதை எடுக்கப் பார், அக்கா.

தம்பி


செப்டம்பர் 19

தம்பிக்கு,

எடுக்கப் பார் என்றாய். வாயை அடக்கிக்கொண்டு எத்தனை பேர் காலில் விழ முடியுமோ அத்தனை பேர் காலில் விழுந்தேன். பட்டியலில் மற்ற மூன்றும் போய்விட்டன. ஆகஸ்டில் இரண்டு, இந்த மாதம் ஒன்று. மூன்றுக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

சீமாட்டிக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஓய்வுபெற்ற செவிலி ஒருவர், தனிக்கட்டை. இரண்டு கழுதை வைத்திருக்கிறார், நல்ல புல் நிலம். புகைப்படத்தைப் பார்த்துவிட்டே சரி என்று சொல்லிவிட்டார். வண்டியில் இரண்டு நாள் பயணம். இடம் எது என்று என்னைக் கேட்காதே. பழைய உரிமையாளரிடம் சொல்லக் கூடாது.

ஆனால் அது வண்டியில் ஏற மாட்டேன் என்கிறது. இங்கே வந்தபோது நடக்கவே முடியாமல் தார்ப்பாயில் கிடத்தி ஆறு பேர் தூக்கி வைத்தார்களாம். இப்போது நானூற்று இருபது கிலோ, யார் தூக்குவது? முதல் தடவை சாய்வுப் பலகையில் கால் வைத்ததும் பின்வாங்கி, முழங்காலைக் கிழித்துக்கொண்டது. இரண்டாம் தடவை தீனியைக் காட்டிக் கூப்பிட்டோம். கழுத்தை மட்டும் நீட்டியது, கால் அசையவில்லை. மூன்றாம் தடவை டாக்டர் மயக்க ஊசி போட்டார், அது பலகையிலேயே மடிந்து விழுந்தது. இன்னொரு தடவை போட்டால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார். டிரைவர் 28ஆம் தேதி கடைசியாக ஒருமுறை வருவார். அன்றும் ஏறவில்லை என்றால் அந்த அம்மாளுக்கு இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான், 30ஆம் தேதி டாக்டர் ஊசியோடு வருவார்.

நீ வா.

பழைய உரிமையாளர் கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது என்பது இங்கே விதி. அதைப் பலகையில் எழுதி மாட்டியவளே நான்தான். நீ என் தம்பி என்று மேலாளரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வந்தார். பிறகு, "வரச் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். மற்றது என்றால் என் வேலை. போனால் போகட்டும்.

ஆசையோடு வராதே. உன்னைக் கண்டதும் அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கலாம். நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு வா.

அக்கா


அக்டோபர் 1

அக்காவுக்கு,

வண்டி கிளம்பியதும் உன்னிடம் சொல்லாமல் நானும் கிளம்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நின்றால் பேச வேண்டியிருக்கும். அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். எதற்குக் கெடுப்பது என்று வந்துவிட்டேன்.

நீ சொன்னபடி மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். அது என்னை வெறுக்கும் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். உதைத்தால் உதை வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருந்தது, அதைத் தாங்க முடிந்தது.

நான் சரளைக்கல் பாதையில் நடந்து வந்தேன், நீ பார்த்தாய். அது மைதானத்தின் அந்தக் கோடியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, என் காலடிச் சத்தம்தான் அதற்குக் கேட்டது. காது இரண்டும் நிமிர்ந்தன. திரும்பி, அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து என் நெஞ்சில் முகத்தை வைத்தது. நீ, "பாரு, மறக்கவே இல்ல" என்றாய். டிரைவர், "உங்க குதிரையா சார்? குடுத்து வச்சவரு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஏழு மாதமும் நான் அந்தச் சமையலறையில் நடந்துகொண்டுதானே இருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பேன், கதவுவரை போவேன், திரும்பி வருவேன். ஒவ்வொரு தடவையும் அது இப்படித்தான் காதை நிமிர்த்திக்கொண்டு லாயத்துக் கதவுக்கு வந்து நின்றிருக்கிறது. இதோ வருகிறான் என்று. ஒரு நாளில் எத்தனை தடவை வந்து நின்றதோ. அந்தப் பக்கம் அது என்னைச் சபித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து இந்தப் பக்கம் நான் படுத்துக் கிடந்தேன்.

அதை நான் ஏற்றவில்லை அக்கா, இழுக்கவே இல்லை. கயிறு தொய்வாகத்தான் கிடந்தது. நான் பலகையில் ஏறினேன், அது என் பின்னால் ஏறியது. நாலு பேர் சேர்ந்து மூன்று தடவை முடியாததை என் முதுகைப் பார்த்துக்கொண்டே செய்தது. உள்ளே போனதும் கட்டிவிட்டு, ஆள் இறங்குகிற பக்கக் கதவு வழியாக இறங்கச் சொன்னாய். இறங்கினேன். அது தலையைத் திருப்பி என்னோடு வரப் பார்த்தது, டிரைவர் கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டார். நான் வந்துவிடுவேன் என்று இரண்டு நாளும் வண்டிக்குள் காதை நிமிர்த்திக்கொண்டேதான் நின்றிருக்கும்.

அது பிழைக்க வேறு வழி இல்லை, தெரியும். நீ செய்தது சரி, நானும் செய்தது சரி. இதை நீ எனக்கு எழுதி ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இடம் எது என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு நீ எழுதும்போது இதை மட்டும் சேர்த்து எழுது. காலடிச் சத்தம் கேட்டால் அது வேலிக்கு வரும். தீனி வேளையாக இல்லாவிட்டாலும் வரும், அவர் வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனாலும் வரும். கையில் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று கண்டுகொள்ளாமல் போய்விட வேண்டாம் என்று சொல். ஒரு நிமிடம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகச் சொல்.

தம்பி